காரணம் என்ற பெட்டியில் நான் எழுதிய ‘க’

திரைக்கு முன்னால் உட்கார வந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் உங்களை யாருக்கும் பிடிக்காது. கல் வெட்டுகிறவருக்கு இயந்திரம் ஓட வேண்டும், லொறிக்காரருக்கு லொறி நிறைய வேண்டும், முகாமையாளருக்குக் கொழும்பில் நல்ல பெயர் வேண்டும். “நிற்பாட்டுங்கோ” என்று சொல்வதற்காகவே சம்பளம் வாங்குகிற ஆள் நீங்கள் ஒருவர்தான். கலியாண வீட்டில் மழை வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டு திரிகிறவரை எப்படிப் பார்ப்பார்களோ அப்படித்தான் உங்களையும் பார்ப்பார்கள். அதற்கு இப்போதே மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

குழியின் சுவர் சரியப்போகிறதா என்று திரையைப் பார்த்துக்கொண்டு நான் பதினொரு வருடம் அந்தக் கதிரையில் இருந்தேன். மன்னார்த் தீவில் கீரியிலிருந்து விடிகாலையில் புறப்பட்டு, பாலம் தாண்டி, பாப்பாமோட்டைக்கு அப்பால் இருக்கும் நம்முடைய சுண்ணாம்புக்கல் குழிக்கு வந்து சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். குழியின் கிழக்குச் சுவருக்கு எதிரே, மேற்கு விளிம்பில் நின்ற தகரக் கூண்டுதான் என் கந்தோர். ஒரு மேசை, ஒரு திரை, கீழே உள்ளவர்களோடு பேச ஒரு வோக்கி-டோக்கி, சுவரில் சைரனின் சிவப்புப் பொத்தான். பகலெல்லாம் கீழே முப்பது பேர் வேலை செய்வார்கள். எல்லோரும் என் கண்ணுக்குத் தெரிவார்கள். ஒருவர்கூட என்னோடு பேசுகிற தூரத்தில் இருக்க மாட்டார்கள். மத்தியானச் சோற்றைத் திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். மாலையில் வீட்டுக்குப் போனாலும் அதே கதைதான். தம்பிமார் இருவரும் கனடாவில், நான் கலியாணம் முடிக்கவில்லை, அம்மாவும் போய்விட்டார். எனக்குத் தனிமை பழக்கம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். பழக்கம்தான். ஆனால் அது வலிக்காமல் விட்டதில்லை.

அந்தக் கதிரையில் இருந்து நான் எழுதிய ஒரேயொரு எழுத்தால் ஒரு மனிதனுக்கு ஒரு கால் போனது. நம் கந்தோர்ச் சுவரில் என் படமும் அதன் கீழ் ஒரு பாராட்டும் தொங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தைப் பார்த்துப் படித்துக்கொள்ளும்படி உங்களுக்குச் சொல்லியும் இருப்பார்கள். தயவுசெய்து படிக்க வேண்டாம். நடந்ததை நான் சொல்கிறேன்.

கருவிகளைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை, என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் காலத்தில் இருந்ததில் முக்கியமானது கம்பி. கிழக்குச் சுவரின் உச்சியில், நிலத்தில் ஒரு நீண்ட விரிசல் இருந்தது. அதன் இரண்டு பக்கமும் ஒவ்வோர் இரும்புத் தூண் நட்டு, நடுவே கம்பி கட்டியிருந்தது. விரிசல் அகன்றால் கம்பி இழுபடும். இழுபட்டால் என் திரையில் கோடு ஏறும். அதற்கு மின்சாரம் கொடுக்கப் பக்கத்திலேயே ஒரு சூரியத் தகடு. விரிசலுக்கு முன்னால் பெரிய மண்மேடு இருந்தபடியால் கூண்டிலிருந்து தூண்களைக் கண்ணால் பார்க்க முடியாது. கமரா ஒன்று கேட்டோம். அடுத்த வருடம் என்றார்கள். அடுத்த வருடமும் அதையே சொன்னார்கள்.

இவற்றையெல்லாம் பூட்டித் தந்தவர் தெற்கிலிருந்து வந்த ஓர் எஞ்சினியர். என்னைவிட இருபது வயது இளையவர், சிங்களப் பெண். சுரங்கம் சுரங்கமாகத் திரிந்து தமிழ் பழகியவர். இரண்டு கிழமை, முழுதாகப் பதினான்கு நாள், என்னோடு அந்தக் கூண்டில் இருந்தார். அந்தப் பதினொரு வருடத்தில் என் கூண்டில் இன்னொரு கதிரை போட்டது அந்த இரண்டு கிழமை மட்டும்தான். பதிவுப் புத்தகத்தில் நேரம், அளவு, காரணம், எடுத்த நடவடிக்கை என்று நான்கு பெட்டிகள் உண்டு. மூன்றாவது பெட்டியில் விரலை வைத்து அவர் சொன்னார்:

“மிஸ், இது நீங்க கண்ணால பார்த்தா மட்டும் எழுதுங்க. பார்க்கல்லையா, சும்மா விடுங்க. வெறும் பெட்டி நல்லது. வெறும் பெட்டியப் பார்த்தா அடுத்த ஆளுக்குப் பயம் வரும்.”

எனக்கு அது புரிந்தது. அவர் போன ஒரு மாதத்துக்குள் முகாமையாளருக்கு அது புரியவில்லை என்பதும் புரிந்தது. “என்ன மிஸ், பெட்டியெல்லாம் காலியாக் கிடக்குது? கொழும்பால வந்து பார்த்தால் நாங்கள் வேலையே செய்யேல்ல எண்டெல்லோ நினைப்பினம்? ஏதாவது ஒரு காரணத்தைப் போடுங்கோ” என்றார். அப்படித்தான் போட ஆரம்பித்தேன்.

இனிக் கழுதைகளுக்கு வருகிறேன். மன்னாரில் பிறந்தவர்களுக்குக் கழுதையை விளக்கத் தேவையில்லை. வெளியூரிலிருந்து வந்திருப்பவர்கள் பேருந்து நிலையத்தில் இறங்கியதுமே பார்த்திருப்பீர்கள், வீதியின் நடுவில் நின்று லொறிக்கே வழிவிடாத பிராணிகள். எப்போதோ யாரோ கொண்டுவந்து விட்ட ஒரு கூட்டம் நம் குழியைச் சுற்றியும் திரிந்தது. மரமில்லாத அந்த உச்சியில், நட்ட நடுப்பகலில் நிழல் என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது, நம்முடைய சூரியத் தகடு. கழுதைகள் அதைக் கண்டுபிடித்துவிட்டன. பதினொன்றரைக்குப் பிறகு வந்து அதன்கீழ் நிற்கும். நிற்கிற சுகத்தில் தூணில் உடம்பை உரசும். என் திரையில் கோடு துள்ளும்.

முதல் தடவை எனக்கு அது தெரியாது. நத்தார்ப் பண்டிகைக்கு, கிறிஸ்து பிறப்புக்கு, முதல் நாள், எல்லோரும் வேலையை முடித்துக்கொண்டு வீடுபோக அவதிப்படுகிற நேரம், கோடு ஏறியது. நான் சைரனை அழுத்தினேன். முப்பது பேரும் ஓடி ஏறினார்கள். காவல்காரர் உச்சிக்குப் போய்ப் பார்த்து வோக்கியில் சொன்னார்: “மிஸ், அஞ்சு கழுதை நிக்குது. ஒண்டு தூணில சாய்ஞ்சுகொண்டு நித்திரை.” வேலை மூன்று மணித்தியாலம் பிந்தியது. கீழே வேலையை மேற்பார்க்கும் சுப்பவைசர் அந்தக் கழுதையைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். நத்தார் முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள், நான் வோக்கியில் காலை வணக்கம் சொன்னதும் கீழிருந்து யாரோ கழுதை மாதிரிக் கத்தினார். பிறகு இன்னொருவர். பிறகு குழி முழுவதும். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது? அன்று மாலை பேருந்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாலம் முடியும்வரை அழுதேன்.

அன்று கத்தாத ஆள் ஒருவர் உண்டு. பெயர் நிஸ்தார். பெரிய அகழும் இயந்திரத்தை ஓட்டுகிறவர். முசலிப் பக்கம் ஊர், சின்ன வயதில் இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்து குடியேறியவர். அதிகம் பேச மாட்டார். சைரன் அடித்தால் எல்லோரும் மேலே வந்து தங்கள் பெயரை வோக்கியில் சொல்ல வேண்டும், நான் பட்டியலில் அடையாளம் போட வேண்டும். எப்போதும் முதலில் வருவது அவருடைய குரல்தான். “மிஸ், நிஸ்தார். வெளியில வந்திட்டன்.” அதில் நையாண்டி இருக்காது, சலிப்பு இருக்காது. அந்தக் குழியில் என் வேலையை வேலையாக மதித்த ஒரே மனிதர் அவர்.

பிறகு கழுதைகள் எங்கள் கந்தோர் நடைமுறையாகிவிட்டன. மத்தியானத்தில் கோடு துள்ளும், காவல்காரர் போய்த் துரத்துவார், நான் காரணம் என்ற பெட்டியில் ‘கழுதை’ என்று எழுதுவேன். வழக்கமாகக் கோடு ஏறி இறங்கிவிடும். சில நாள் தூண் சரிந்து கோடு மேலேயே நின்றுவிடும், பிறகு காவல்காரர் தூணை நிமிர்த்துவார். கொஞ்சக் காலத்தில் அவரைப் போய்ப் பார்க்கச் சொல்வதையும் விட்டுவிட்டேன். வெயிலில் அவ்வளவு தூரம் நடக்க அவருக்கும் அலுப்பு, கேட்க எனக்கும் சங்கடம். கழுதை என்று முழுதாக எழுதுவதையும் விட்டுவிட்டேன். ‘க’ என்று ஓர் எழுத்து போதும். என் லீவு நாளில் அந்தக் கதிரையில் இருக்கும் மற்ற இரண்டு முறைக்காரரும் என்னைப் பார்த்து அப்படியே எழுதினார்கள். மட்டக்களப்பிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண், ‘க’ என்பது ஏதோ அபாய அளவின் பெயர் என்று நினைத்துக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றைக்காவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்த நாள் மாரி காலம். மூன்று நாளாக வாடைக் காற்றும் மழையும். நம் குழியில் சுண்ணாம்புக் கல்லுக்கு அடியில் களிமண் படை ஒன்று ஓடுகிறது. தண்ணீர் இறங்கினால் அது சவர்க்காரம் மாதிரி வழுக்கத் தொடங்கும். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. நாலாம் நாள் மழை விட்டிருந்தது, வானம் மட்டும் மூடிக்கிடந்தது. மூன்று நாள் வேலை கெட்ட அவசரத்தில் எல்லோரும் இறங்கியிருந்தார்கள்.

பதினொன்று ஐம்பதுக்குக் கோடு ஏறியது. ஏறி அங்கேயே நின்றது. நான் பேனையை எடுத்தேன். நேரம், அளவு எழுதினேன். காரணம் என்ற பெட்டியில் ‘க’ என்று எழுதினேன். நடவடிக்கை என்ற பெட்டியில் ‘இல்லை’ என்று எழுதினேன். எல்லாமாகப் பத்து விநாடி ஆகியிருக்காது. யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். இன்னொரு தரம் குழியை நிற்பாட்டி, இன்னொரு தரம் அந்தக் கத்தலைக் கேட்க என்னால் ஏலாது என்று யோசித்தேன். அதைத்தான் யோசித்தேன்.

பன்னிரண்டு பத்துக்குக் கோடு மறுபடியும் ஏறியது. மறுபடியும் பேனையை எடுத்தேன். சோற்றுப் பார்சலை மேசைக்கு இழுத்துக்கொண்டு, கை கழுவுவதற்காகக் கதவைத் திறந்தேன். திறந்த கதவின் நிழல் வழக்கமாகப் படியில் விழும். அன்று விழவில்லை. நிழலே இல்லை. ஏன் இல்லை என்று ஒரு கணம் நின்று பார்த்தேன். வெயில் இல்லை. மூன்று நாளாக வெயில் இல்லை. கழுதைகள் அங்கே வருவது நிழலுக்கு. வெயில் இல்லாத நாளில் அவற்றுக்கு அந்தத் தகட்டின் கீழ் என்ன வேலை?

வோக்கியை எடுத்துக் காவல்காரரைக் கூப்பிட்டேன். “இண்டைக்கு மேல கழுதை நிக்குதோ?”

“நான் வாசல் பக்கம் நிக்கிறன் மிஸ். போய்ப் பார்த்துச் சொல்லட்டோ? பத்து நிமிசம் தாங்கோ.”

பத்து நிமிடம். அதைக் கொடுத்தால் எனக்கு ஆதாரம் கிடைக்கும். ஆதாரம் கிடைத்தால் யாரும் சிரிக்க முடியாது. ஆனால் அங்கே கழுதை இல்லையென்றால், நழுவுகிற நிலத்தின் மேல் ஒரு மனிதனை நானே அனுப்பியவளாவேன். “போகாதேங்கோ, அந்தப் பக்கமே போகாதேங்கோ” என்று கத்திவிட்டுச் சைரனை அழுத்தினேன்.

வோக்கியில் சுப்பவைசரின் குரல் வந்தது. “மிஸ், திருப்பியும் கழுதையோ?” பின்னால் சிரிப்புக் கேட்டது. ஒருவர் கழுதை மாதிரிக் கத்தியும் காட்டினார்.

“கழுதை இல்லை. கிழக்குச் சுவர் வருது. எல்லாரையும் ஏத்துங்கோ.”

“கண்டனீங்களோ?”

“காணேல்ல. ஏத்துங்கோ!”

என் குரலில் எதையோ கேட்டிருக்க வேண்டும், சிரிப்பு நின்றது. ஆட்கள் பாதையில் ஏறுவது தெரிந்தது. பெயர்கள் வரத் தொடங்கின. நான் அடையாளம் போட்டுக்கொண்டே போனேன். ஐந்து, பத்து, இருபது. முதலில் வரவேண்டிய குரல் வரவில்லை. கிழக்குச் சுவரின் அடியில் மஞ்சள் இயந்திரம் நின்றது. அதிலிருந்து ஒரு மனிதன் இறங்கி ஓடுவதைக் கண்டேன். மூன்று நாள் மழையில் அடித்தளம் முழங்கால் வரைக்கும் சேறு. அவர் ஓடினார் என்று சொல்கிறேன், உண்மையில் ஒவ்வொரு காலாகப் பிடுங்கிப் பிடுங்கி வைத்தார். நான் வோக்கியில் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவருடைய வோக்கி இயந்திரத்துக்குள் கிடந்தது என்பது எனக்குத் தெரியாது.

பன்னிரண்டு பதினேழுக்குச் சுவர் வந்தது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. சுவரின் நடுப்பகுதி அப்படியே கீழே உட்கார்ந்தது, இயந்திரம் இருந்த இடத்தில் இயந்திரம் இல்லை. தூசி எழக்கூட முடியாத ஈரம். நிஸ்தார் கிட்டத்தட்டத் தப்பிவிட்டார். கடைசியாக உருண்டு வந்த கல் ஒன்று இடது காலைப் பிடித்துக்கொண்டது. பத்துப் பேர் சேர்ந்து எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விசாரணைக்குக் கொழும்பிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் அவர்களில் இல்லை. புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு வந்தவர், அந்தப் பக்கத்தில் ‘க’ என்ற எழுத்தில் விரலை வைத்து முகாமையாளரிடம் இது என்ன என்று கேட்டார். “அது போல்ஸ் அலாரம் சேர், பொய் எச்சரிக்கை, விலங்குகளின் தொல்லை” என்றார் முகாமையாளர். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனார். பன்னிரண்டு பத்து, சைரன். அந்த வரியிலிருந்துதான் அவர்களுக்குக் கதை தொடங்கியது. நான் அவர்களுக்கு எதிரே கதிரையில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்திருந்தால் ஒரு வசனம் போதும். திறக்கவில்லை. கண்ணால் காணாமலே ஆபத்தை உணர்ந்து முப்பது உயிரைக் காப்பாற்றிய பெண் என்று எழுதிக்கொண்டு போனார்கள். படம் எடுத்தார்கள். அந்தப் படம்தான் சுவரில் இருக்கிறது.

அதற்குப் பிறகு குழியில் ஒருவரும் கத்தவில்லை. எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். அது முன்னைவிட மோசமாக இருந்தது. கோவிலில் பங்குச் சுவாமியிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சுவாமி மன்னித்தார். ஆனால் சுவாமிக்கு இரண்டு காலும் இருந்தன.

நிஸ்தாரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன், பிறகு வீட்டுக்குப் போனேன். பிறகு போகாமல் இருக்க முடியவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் பேருந்து பிடித்து முசலிக்குப் போவேன். அவர் செயற்கைக் காலோடு வீட்டு வாசலில் சைக்கிள் திருத்துகிற கடை ஒன்று போட்டிருந்தார். அவருடைய மனைவி எனக்கென்று உறைப்புக் குறைத்துக் கறி சமைத்து வைப்பார். உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் ஒவ்வொரு முறையும் புறப்படுவேன். போய் உட்கார்ந்ததும், ஒரு வீட்டில் நாலு பேரோடு சேர்ந்து சோறு தின்கிற சுகம் என் வாயைக் கட்டிவிடும். சொன்னால் இந்த வீடும் போய்விடும் என்று பயந்தேன். இதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவருக்கு வலிக்கும் என்பதற்காக நான் சும்மா இருக்கவில்லை, எனக்குப் போக்கிடம் இல்லை என்பதற்காகத்தான் இருந்தேன். ஓய்வு பெற்றேன். அப்படியே ஏழு வருடம் போனது.

போன ரமழான் நோன்புக்கு முன் ஒரு ஞாயிறு. கடையில் நானும் அவரும் மட்டும். அவர் ஒரு சக்கரத்தை நிமிர்த்திக்கொண்டே சும்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னார்:

“மிஸ், உங்களுக்குச் சொன்னதில்ல. ஒவ்வொரு தொழுகை முடியக்குள்ளயும் நான் உங்களுக்கு ஒரு துஆக் கேக்கிறனான். அண்டைக்கு நீங்க சைரன் அடிக்காட்டி நான் மையத்துத்தான்.”

ஒரு நாளைக்கு ஐந்து தரம். ஏழு வருடம். அதற்கு மேல் என்னால் ஏலவில்லை. சொல்லிவிட்டேன். பதினொன்று ஐம்பது, ‘க’, நிழல் எல்லாவற்றையும் சொன்னேன். கழுதை என்று உண்மையாக நம்பினேனா, அல்லது சிரிப்புக்குப் பயந்தேனா என்பதையும் சொன்னேன்.

அவர் சக்கரத்தைக் கீழே வைத்தார்.

“பதினொண்டு அம்பதுக்கோ?”

“ஓம்.”

“சரியாத் தெரியுமோ?”

“நான்தான் எழுதினனான் நிஸ்தார்.”

“அந்த நேரம் நான் கீழ இல்ல மிஸ்.” அவர் என்னைப் பார்க்காமல் வீதியைப் பார்த்துச் சொன்னார். “பன்னெண்டுக்கு லொறி வருது எண்டு முந்தியே மேல வந்து, கொட்டில்ல சோறு தின்டுகொண்டு இருந்தனான். தின்டு, கை கழுவி, ஒரு வெத்திலையும் போட்டுட்டு அதுக்குப் பிறகுதான் இறங்கினனான்.”

இது எனக்குத் தெரியாது. விசாரணையில் யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவர்களுக்குத்தான் கதை பன்னிரண்டு பத்தில் தொடங்கியதே. ஏழு வருடமாக நான் நினைத்திருந்தது, அவரை இருபது நிமிடம் முந்தி மேலே கூப்பிட்டிருக்கலாம் என்று. அவர் மேலேதான் இருந்திருக்கிறார். சோறு தின்றுகொண்டு, இரண்டு காலோடு. நான் அவரைப் போக விட்டிருக்கிறேன்.

அவர் கேட்டார்: “அந்தப் புத்தகம் இப்பவும் இருக்கோ?”

“இருக்கும். கந்தோர் அலுமாரியில.”

“அந்தக் க-வை வெட்டிப்போட்டு, அதில என்ர பேரை எழுதுங்க.”

உள்ளேயிருந்து அவருடைய மனைவி, சோறு போடட்டுமா என்று கேட்டார். நிஸ்தார் தடியை ஊன்றி எழுந்து, “மிஸ் வெளிக்கிடப் போறா” என்றார். அன்று நான் சாப்பிடாமலே பேருந்துக்கு நடந்தேன்.

சென்ற மாதம் நான் உங்கள் புதிய கூண்டுக்கு வந்தேன். குளிரூட்டி, மூன்று திரை, உச்சியில் கமரா, இரண்டு கதிரை. இரண்டு கதிரை இருப்பதைப் பார்த்துச் சந்தோசப்பட்டேன். பழைய புத்தகம் ஒன்றைக் கேட்டபோது உங்களில் ஒருவர் அலுமாரியைக் கிளறி, தூசி தட்டி எடுத்துத் தந்தார். நான் அதில் ஏதோ வெட்டி எழுதுவதைக் கண்டு, “என்ன மிஸ் எழுதுறீங்கள், பழைய பதிவில கை வைக்கக்கூடாதே?” என்று கேட்டார். சரியான கேள்வி. அன்று பதில் சொல்ல முடியாமல் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பதில்தான் இவ்வளவும். அந்தப் பக்கத்தைப் பாருங்கள். ‘க’-வின் மேல் கோடு இழுத்து, பக்கத்தில் நிஸ்தார் என்று எழுதி, திருத்திய நாளின் திகதியிட்டு ஒப்பமும் வைத்திருக்கிறேன். மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டுமென்றால் அறிவியுங்கள். சுவரில் உள்ள படத்தையும் கழற்றிவிடுங்கள்.

கமரா வந்துவிட்டதால் இனிக் கழுதையால் ஏமாற மாட்டோம் என்று நினைப்பீர்கள். உங்களுக்கு வேறு ஒரு சொல் வரும். கமராவில் தூசி, காற்று, மென்பொருளின் கோளாறு என்று ஏதோ ஒன்று, அடிக்கடி சரியாக இருப்பதாலேயே பார்க்காமல் எழுதக்கூடிய சொல். அது வரும்போது கையை நிறுத்துங்கள். பெட்டியைக் காலியாக விடுங்கள், முகாமையாளர் ஏசினால் ஏசட்டும். கீழே சிரித்தால் சிரிக்கட்டும். அழவேண்டுமென்றால் பிறகு பேருந்தில் அழலாம், நான் அழுதிருக்கிறேன், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

அன்று புத்தகத்தில் எழுதியதைக் கைபேசியில் படம் எடுத்து நிஸ்தாருக்கு அனுப்பினேன். கீழே ஒன்றும் எழுதவில்லை, எழுத என்ன இருக்கிறது? பேருந்து பாலத்தில் ஏறும்போது எடுத்துப் பார்த்தேன். படத்துக்குக் கீழே இரண்டு நீலக் கோடு விழுந்திருந்தது. பார்த்துவிட்டார். வீட்டுக்குப் போய், கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, கைபேசியை மேசையில் எனக்கு எதிரே வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். பதில் வராது என்று தெரியும். இன்றுவரை வரவில்லை. ஆனாலும் நான் அதை இன்னும் அப்படித்தான் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன்.